புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக் காயம் சீழ் பிடிப்பது ஏன்?

சத்திரசிகிச்சை நடந்து 30 நாட்களுக்குள், கத்தி பட்ட இடத்திலோ அதற்கு உள்ளே கையாளப்பட்ட உறுப்பிலோ கிருமி பெருகி நோய் உண்டாக்கினால் அதைச் சத்திரசிகிச்சைக் காயத் தொற்று என்று மருத்துவம் கணக்கெடுக்கிறது. கர்ப்பப்பை, கர்ப்பப்பைக் கழுத்து, சூலகம், யோனிமடல் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்குச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளில் அடிக்கடி வரும் சிக்கல் இது. இதில் ஒரு புதிர் உண்டு. ஒரே விடுதியில், ஒரே கிழமையில், ஒரே வைத்தியரின் கையால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட இரண்டு பெண்களில் ஒருவருக்குக் காயம் பத்து நாளில் காய்ந்துவிடுகிறது. மற்றவருக்கு ஆறாம் ஏழாம் நாளில் தையலோரம் சிவந்து, தொட்டால் சுட்டு, நீர் கசிந்து, பிறகு சீழ் வைக்கிறது. மட்டக்களப்புப் பக்கத்து வீடுகளில் இதற்கு நண்டு, இறால் போன்ற கிரந்திச் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியின் கவனயீனம் என்பார்கள். பின்னது சில வேளைகளில் உண்மைதான். ஆனாலும் பல காயங்களின் விதி, கத்தி வைப்பதற்குக் கிழமைகள் மாதங்கள் முன்பே நோயாளியின் உடலுக்குள் எழுதப்படத் தொடங்கிவிடுகிறது.

காயத்துக்குள் ஒரு கிருமி கூட நுழையாத சத்திரசிகிச்சை கிடையாது. அப்படியானால் எத்தனை கிருமி நுழைந்தால் சீழ் வைக்கும்? 1957இல் எலெக், கோனன் என்ற இருவர் இதை நேரடியாகவே சோதித்தார்கள். தாமாக முன்வந்தவர்களின் தோலுக்குள், சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமியை எண்ணி எண்ணிச் செலுத்தினார்கள். நல்ல உடல்நிலையில் உள்ள தோலில் சீழ் வைக்க இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமாக இருந்தன. கிருமி அதே கிருமி, ஆளும் நல்ல சுகத்தோடு இருந்த ஆள். இடையில் வந்தது ஒரு நூல் மட்டுமே. தொற்று என்பது கிருமியின் எண்ணிக்கையால் மட்டும் தீர்மானமாவதில்லை, அது விழும் இடத்தின் நிலையும் அதே அளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி குறைவு.

மட்டக்களப்பு வாவியில் வெள்ளம் ஏறுமா என்பதும் இப்படித்தான். மேற்கே எவ்வளவு மழை பெய்தது என்பது ஒரு பக்கம். முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டப்பட்டுத் தண்ணீர் கடலுக்குப் போகிறதா, அடைபட்டு நிற்கிறதா என்பது மறுபக்கம். சிறு மழைக்கே வயல் மூழ்குவதும் உண்டு, பெருமழை வடிந்து போவதும் உண்டு. காயத்தில் வந்து சேரும் கிருமி மழையைப் போன்றது. இரத்த ஓட்டமும், வெள்ளணுக்களும், ஒட்சிசனும் சேர்ந்து அதை அப்புறப்படுத்தும் வேலை முகத்துவாரத்தினுடையது. ஆபத்துக் காரணிகள் என்று மருத்துவ நூல்கள் சொல்பவை எல்லாம் ஒன்றில் வரவைக் கூட்டுபவை, அல்லது போக்கை அடைப்பவை.

கிருமிகள் எங்கிருந்து வருகின்றன? சத்திரசிகிச்சைக் கூடத்தின் காற்றிலிருந்து என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. 1964இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, 15,000க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளில் புறஊதா விளக்கைக் கொண்டு கூடத்துக் காற்றைச் சுத்தப்படுத்திப் பார்த்தது. காற்றில் கிருமி குறைந்தது உண்மை. மொத்தத் தொற்றோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. பெரும்பான்மைக் கிருமிகள் நோயாளியின் சொந்தத் தோலிலிருந்தும், குடலிலிருந்தும், யோனியிலிருந்தும் வருபவை என்பதை இது உணர்த்தியது. அந்த ஆய்வில் பயன்பட்ட வகைப்பாடுதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: சுத்தமான காயம், சுத்தமாயினும் கிருமியுள்ள உறுப்பைத் திறந்த காயம், மாசடைந்த காயம், அழுக்கான காயம்.

கர்ப்பப்பையை அகற்றும்போது யோனியின் மேல்முனையைத் திறந்தே ஆகவேண்டும். ஆகவே இந்தச் சத்திரசிகிச்சை எவ்வளவு நேர்த்தியாக நடந்தாலும் இரண்டாவது வகைக்குள்தான் வரும். இளவயதில் யோனியில் வாழும் லக்டோபசில்லஸ் நுண்ணுயிர்கள் அமிலத்தைச் சுரந்து மற்றக் கிருமிகளை அடக்கி வைத்திருக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் குறைய, அமிலமும் குறைந்து, குடற்கிருமிகளுக்கு இடம் கிடைக்கிறது. இந்தப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை அந்த வயதுக்குப் பிறகே வருகின்றன.

புற்றுநோய் எந்த உறுப்பில் என்பதைப் பொறுத்து ஆபத்தின் வடிவம் மாறும். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயில் கட்டியின் மேற்பரப்பு அழுகி, ஒட்சிசன் இல்லாமல் வாழும் கிருமிகளுக்குக் குடியிருப்பாகிறது. மாதக்கணக்கில் இரத்தம் போவதால் பெண்ணுக்கு இரத்தச்சோகையும் வந்திருக்கும். முன்பே கதிர்ச்சிகிச்சை பெற்றவராயின் இடுப்புப் பகுதியின் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்கித் தடித்திருக்கும்; அத்தகைய இடத்தில் போட்ட தையல் மிக மெதுவாகவே ஆறும். (இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்கு, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசுக்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது. 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் பரிசோதனை செய்துகொள்ளலாம். இந்த ஒரு புற்றுநோயைப் பொறுத்தவரை, காயமே தேவைப்படாமல் செய்யும் வழி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது.)

சூலகப் புற்றுநோயில் நிலைமை வேறு. நோய் வயிறெங்கும் பரவிய பிறகே பெரும்பாலும் தெரியவருகிறது. தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை நீண்ட வெட்டு, பல மணி நேர வேலை, சில வேளைகளில் குடலின் ஒரு துண்டையும் வெட்டிப் பொருத்தவேண்டிய தேவை என்று கிருமிக்கான வழிகள் கூடிக்கொண்டே போகும். வயிற்றில் சேரும் நீர் இரத்தத்திலிருந்து அல்புமின் என்ற புரதத்தை இழுத்துவிடும். சாப்பாடும் இறங்காது. வயிறு ஊதியிருப்பதால் பார்க்கிறவர்களுக்கு உடம்பு இருப்பதாகத் தோன்றும். உண்மையில் கையும் காலும் வற்றியிருக்கும். இரத்த அல்புமின் லீற்றருக்கு 35 கிராமுக்குக் கீழே இறங்கினால் காயம் ஆறுவதில் சிக்கல் வரலாம் என்று வைத்தியர்கள் எச்சரிக்கையாவார்கள்.

யோனிமடல் புற்றுநோய் அரிது. ஆனால் காயம் பிரிவதில் அதுவே முன்னணி. கவட்டில் உள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது வடிகால் அறுபட்டு நிணநீர் தேங்குகிறது. இடமும் ஈரமும் உராய்வும் மிகுந்தது. கட்டியிலிருந்து வடியும் முதற் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையை ஐரோப்பிய ஆய்வொன்று 2008இல் மதிப்பிட்டது. எல்லாக் கணுக்களையும் எடுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்குக் கவட்டுக் காயம் பிரிந்தது. முதற் கணுவோடு நிறுத்தியவர்களில் அது 12 சதவீதத்துக்கும் குறைவு. வெட்டின் பரப்பே ஓர் ஆபத்துக் காரணி என்பதை இதைவிட நேராகக் காட்டுவது கடினம்.

கர்ப்பப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயில்தான் இந்த விடயத்தின் மிகக் கசப்பான முடிச்சு இருக்கிறது. உடற்கொழுப்பு ஒரு வெறும் சேமிப்பு அல்ல. மாதவிடாய் நின்ற பெண்ணிலும் அது மற்ற ஹோர்மோன்களை ஈஸ்ட்ரஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த ஈஸ்ட்ரஜன் கர்ப்பப்பையின் உட்சுவரை ஓயாமல் வளரத் தூண்டுவது புற்றுநோய்க்கு ஒரு முக்கிய காரணம். ஆகவே அந்தச் சத்திரசிகிச்சைக்கு வரும் பெண்களில் பலர் உடல் பருத்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள். நோயைக் கொண்டுவந்த அதே கொழுப்பு காயத்தையும் ஆற விடாமல் நிற்கிறது.

அது எப்படி என்பதை வெட்டின் குறுக்குமுகத்தில் காணலாம். மேலே சில மில்லிமீற்றர் தோல். அதன் கீழே மஞ்சள் நிறத்தில், சிறு சிறு உருண்டைகளாக அடுக்கிய கொழுப்பு. மெலிந்தவரில் ஒரு சென்ரிமீற்றர், பருத்தவரில் நான்கோ ஆறோ சென்ரிமீற்றர். அதற்குக் கீழே வெண்ணிறமான, உறுதியான தசையுறை. தசையுறையைத் தைப்பார்கள், தோலைத் தைப்பார்கள். நடுவில் உள்ள கொழுப்புக்கு இரத்தக் குழாய்கள் சொற்பம். இழுத்துப் பிடித்த உபகரணங்களால் அது நசுங்கியும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒட்டாமல் நிற்கும் அந்த இடைவெளியில் மஞ்சள் நீரும் இரத்தமும் தேங்கும். நாளத்தின் வழியாக ஏற்றிய அன்ரிபயோட்டிக் அந்தத் தேக்கத்துக்குள் போதிய அளவில் போய்ச் சேராது. உடல் எடையும் கொழுப்பின் தடிப்பும் ஒன்றல்ல என்பதைக் காட்டியவர் சோப்பர் என்ற அமெரிக்க வைத்தியர். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை அகற்றிய பெண்களில், தொற்றை மிக நன்றாக முன்னறிவித்தது வெட்டு விழும் இடத்துக் கொழுப்பின் ஆழமே என்று 1995இல் அவரது குழு கண்டது. கொழுப்பு இரண்டு சென்ரிமீற்றரைத் தாண்டினால் அதையும் ஒரு தையலால் சேர்த்து இடைவெளியை மூடும் பழக்கம் இத்தகைய அறிவிலிருந்து வந்தது.

சீனி வருத்தம் என்று கிழக்கில் சொல்லப்படும் நீரிழிவின் வழி வேறு. இரத்தத்தில் சீனி மிகுந்தால் வெள்ளணுக்கள் கிருமியை நோக்கி நகர்வதும், அதை விழுங்கிக் கொல்வதும் மந்தமாகும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. சத்திரசிகிச்சையின் அதிர்ச்சியே சீனியை ஏற்றிவிடும், நீரிழிவே இல்லாதவருக்கும் ஏறும். ஆகவே பழைய கிளினிக் கொப்பியில் உள்ள அளவு மட்டும் போதாது; அந்த ஒன்றிரண்டு நாட்களின் அளவையே கவனிக்கவேண்டும். டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டவிடாமல் வைத்திருக்கும்படி வழிகாட்டிகள் சொல்கின்றன. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் பெண்நோய்ப் புற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின் சீனி ஏறியவர்களுக்கு 24 மணி நேரம் இன்சுலினைச் சொட்டாக ஏற்றிக் கட்டுப்படுத்தியபோது, காயத் தொற்று சுமார் 35 சதவீதம் குறைந்ததாக 2015இல் அறிக்கையிடப்பட்டது.

கிரந்திச் சாப்பாட்டின் கதைக்கு இங்கே திரும்பிப் பார்ப்பது அவசியம். நண்டு, இறால், கத்தரிக்காய் சாப்பிட்டதால் காயம் சீழ் வைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குறிப்பிட்ட ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவர் அதை விலக்கலாம், அவ்வளவே. தலைகீழான ஆபத்துத்தான் உண்மையானது. புதுத் தசை கட்டுவதற்குப் புரதம் வேண்டும். வாவி மீனும் முட்டையும் பருப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பத்தியம் என்ற பெயரில் கஞ்சியோடும் ரசத்தோடும் நாட்களைக் கடத்துவது, ஏற்கெனவே அல்புமின் குறைந்த பெண்ணின் காயத்துக்குச் செய்யும் கேடு. வெற்றிலையோடு போடும் புகையிலையும் இப்படிக் கவனத்துக்கு வராமல் போகிறது. சுருட்டோ சிகரெட்டோ பிடிப்பதில்லை என்று கிளினிக்கில் சொல்லும் பெண்மணி, நாள் முழுவதும் புகையிலை அடக்கியிருக்கலாம். நிக்கோட்டின் எவ்வழியில் உடலுக்குள் போனாலும் தோலின் சிறு குழாய்களைச் சுருக்கும். புகைபிடிப்பவர்களின் உடலில் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்த டென்மார்க் ஆய்வில், நான்கு கிழமை நிறுத்தியவர்களுக்குத் தொற்றுக் குறைந்தது. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்த நாளிலிருந்தே வெற்றிலைத் தட்டில் புகையிலையை ஒதுக்கி வைப்பதில் பொருள் உண்டு.

இவை எல்லாம் காரணிகள் என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? நூற்றுக்கணக்கான பெண்களின் ஏடுகளை எடுத்து, தொற்று வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிடுவதே வழமையான வழி. அதில் ஒரு பொறி இருக்கிறது. இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்குத் தொற்று அதிகம் என்று ஓர் ஆய்வு சொன்னால், ஏற்றிய இரத்தமா காரணம்? இரத்தம் ஏற்றவேண்டி வந்தவர்கள், கட்டி பெரிதாக இருந்தவர்கள். அவர்களுக்குச் சத்திரசிகிச்சையும் நீண்டது, முன்பே சோகையும் இருந்தது. நேரம் நீண்டதும் அப்படித்தான்: திறந்த காயத்தில் கிருமி விழும் நேரம் கூடியதா, அல்லது நோய் முற்றியிருந்ததன் அடையாளம் மட்டுமா? ஒரே பருமன், ஒரே நோய்நிலை, ஒரே வகைச் சத்திரசிகிச்சை கொண்டவர்களைத் தமக்குள் ஒப்பிடும் புள்ளியியல் முறைகள் இந்தச் சிக்கலைப் பாதி அவிழ்க்கும். முழுதாக அவிழ்க்க ஒரே வழி, சீட்டுப்போட்டு நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவில் மட்டும் ஒன்றை மாற்றிப் பார்ப்பது. பருமனையோ வயதையோ அப்படி மாற்ற முடியாது. சத்திரசிகிச்சைக் கூடத்தின் பழக்கங்களை மாற்ற முடியும். அதனால்தான் உறுதியான அறிவு அங்கேயே அதிகம் குவிந்திருக்கிறது.

சீட்டுப்போடாத பழைய கணக்கெடுப்புகளும் அந்தப் பழக்கங்களை நோக்கியே கைகாட்டின. கனடாவின் கல்கரி நகரில் குரூஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான காயங்களைப் பின்தொடர்ந்தார். சவரக்கத்தியால் மயிர் மழித்தவர்களுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் தொற்று. மழிக்காமலே விட்டவர்களுக்கு ஒன்றுக்கும் குறைவு. சவரம் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட, இரவோடிரவாக அவற்றில் கிருமி பெருகுகிறது. 1992இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரில் 2,847 பேரை ஆராய்ந்தபோது, வெட்டுக்கு முந்திய இரண்டு மணி நேரத்துக்குள் அன்ரிபயோட்டிக் பெற்றவர்களில் 0.6 சதவீதத்தினருக்கே தொற்று வந்தது. அதைவிட முந்திப் பெற்றவர்களில் 3.8, வெட்டி மூன்று மணி நேரத்துக்குப் பிந்திப் பெற்றவர்களில் 3.3. வெட்டும் கணத்தில் மருந்து திசுவுக்குள் நிற்கவேண்டும். வேலை நீண்டாலோ ஒன்றரை லீற்றருக்கு மேல் இரத்தம் போனாலோ மறுபடி கொடுக்கவேண்டும். சூலகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் இரண்டும் நடக்கும். வீட்டுக்கு ஒரு கிழமைக்கு அன்ரிபயோட்டிக் தரவில்லையே என்று கவலைப்படுவோர் பலர். தையல் போட்ட பிறகு தொடர்ந்து கொடுப்பதால் காயத் தொற்றுக் குறைவதில்லை, மருந்துக்கு மசியாத கிருமிகளே வளர்கின்றன என்பதால் 2016இன் உலக சுகாதார நிறுவன வழிகாட்டி அதைத் தவிர்க்கச் சொல்கிறது.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு மிகவும் பொருந்தும் சான்று 2022இல் வந்தது. இந்தியா, கானா, ருவண்டா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 13,000க்கு மேற்பட்ட வயிற்றுச் சத்திரசிகிச்சைகளில், ஒரு பகுதியில் மட்டும் காயத்தை மூடுவதற்குச் சற்று முன்பு கையுறைகளையும் உபகரணங்களையும் மாற்றினார்கள். மாற்றாத இடங்களில் தொற்று 18.9 சதவீதம், மாற்றிய இடங்களில் 16. விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக், சூலக, கர்ப்பப்பைப் புற்றுநோயாளிகளுக்கு இதே மாற்றத்தோடு குளோர்ஹெக்சிடின் குளிப்பு, நேரத்துக்கு மருந்து, வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு ஆகியவற்றையும் சேர்த்தபோது 6 சதவீதமாக இருந்த தொற்று 1.1ஆகக் குறைந்தது. இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சேர்த்துச் செய்ததால் கிடைத்த பலன் அது.

சிறு துளைகள் வழியாகச் செய்யும் லப்பரஸ்கோப்பி சத்திரசிகிச்சையில் கொழுப்பை அகலமாகத் திறப்பதே இல்லை என்பதால் காயத் தொற்று வெகுவாகக் குறைகிறது. கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் அது நல்ல தெரிவு. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயில் அப்படியல்ல. 2018இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், துளைவழிச் சத்திரசிகிச்சை பெற்றவர்களில் நோய் திரும்பாமல் நான்கரை ஆண்டுகள் கடந்தவர்கள் 86 சதவீதம். வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5. அங்கே பெரிய காயத்தின் ஆபத்தை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை.

பெரும்பாலான தொற்றுகள் நோயாளி வீடு போன பிறகே வெளிப்படுகின்றன. அந்த 30 நாட்களில் பெரும்பகுதி கழிவது வீட்டில்தான். வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் இருப்பவருக்குப் பெரியாஸ்பத்திரி பக்கம். மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகும், உட்கிராமங்களிலிருந்து வருவதற்கு அரைநாள் வேலை கெடும். மண்டூர்ப் பக்கத்தவர் குருமண்வெளித் துறையில் பாதைப் படகு ஏறவேண்டும். 'நாளைக்குப் பார்ப்போம்' என்று தள்ளிப்போடும் மனம் அந்தத் தூரத்திலிருந்து பிறக்கிறது. ஊருக்கே வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ அருகில் உள்ள வைத்தியசாலையிலோ காயத்தைக் காட்டுவது இந்த இடைவெளியைக் குறைக்கும்.

வாவிக்கரை வாழ்வுக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ இனக் கிருமிகள் வாழ்கின்றன. திறந்த காயத்தில் அவை அரிதாகவே புகும், புகுந்தால் மிக வேகமாகப் பரவும். வயற்சேற்றில் மெலியோய்டோசிஸ் நோயின் கிருமி இருக்கிறது. இலங்கையில் அந்த நோய் மழைக்காலத்தில் அதிகம் தலைகாட்டும், நீரிழிவுள்ளவர்களை முதலில் தேடும். வழக்கமான காயச் சீழுக்கு இவை காரணமல்ல. ஆயினும் காயம் முழுதாக மூடும்வரை வாவியில் இறங்காமலும் வயலுக்குப் போகாமலும் இருப்பது நல்லது. இரண்டு நாளுக்குப் பிறகு சுத்தமான தண்ணீர் மேலே பட்டுக் குளிப்பதால் கெடுதி இல்லை. மஞ்சளோ பச்சிலையோ காயத்தில் அப்பக்கூடாது.

முதல் இரண்டு நாள் காய்ச்சல் பெரும்பாலும் தொற்றல்ல, சத்திரசிகிச்சைக்கு உடல் காட்டும் எதிர்வினை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு வரும் காய்ச்சல், குறைந்துகொண்டு வந்த நோவு மறுபடி கூடுவது, சிவப்பு ஓரம் அகலுவது, துணி நனையும் கசிவு, துர்நாற்றமுள்ள வெள்ளைபடுதல் ஆகியவை அன்றைக்கே காட்டவேண்டியவை. உள்ளே சீழ் தேங்கியிருந்தால் குளிசை மட்டும் போதாது. சில தையல்களைப் பிரித்து, சீழை வெளியேற்றி, செத்த திசுவை அகற்றி, காயத்தைத் திறந்தே வைத்து மருந்துத் துணி கட்டுவார்கள். அது அடியிலிருந்து மேல்நோக்கி ஆறி வரக் கிழமைகள் ஆகும். இரண்டு நாளில் வெட்டுக்கு வெளியே தோல் கருநீலமாகி, தாங்கமுடியாத நோவு வந்தால் அது உயிராபத்தான திசு அழுகலாக இருக்கலாம். அங்கே மணித்தியாலங்கள் கணக்கு.

புற்றுநோயாளிக்கு இந்தத் தாமதத்தின் விலை கூடுதல். சூலகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்த சில கிழமைகளில் கீமோதெரபி தொடங்கவேண்டும். அந்த மருந்து வெள்ளணுக்களை இறக்குவதால், சீழ் வைத்த காயத்தோடு அதை ஏற்ற வைத்தியர்கள் தயங்குவார்கள். கதிர்ச்சிகிச்சையும் ஆறாத காயத்தின் மேல் தொடங்கப்படுவதில்லை. ஆகவே தொற்று முதலில் அடக்கப்படுகிறது. காயம் அடியில் சிவந்த புதுத்தசையோடு சுத்தமாக இருந்தால், தோல் முழுதாக மூடும்வரை காத்திராமலே கீமோதெரபியைத் தொடங்குவதும் உண்டு. அந்த முடிவைப் புற்றுநோய் வைத்தியரும் சத்திரசிகிச்சை வைத்தியரும் காயத்தைச் சேர்ந்து பார்த்தே எடுக்கிறார்கள்.